மதுரைக் கண் டாக்டரும் அவர் வீட்டாரும்

(சங்கத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவுக் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கம் தொடங்கிய காலத்துப் பெரியவர்களைப் பற்றிக் காலையிலிருந்து பலரும் பேசிவிட்டார்கள். அவர்கள் விட்டுவைத்த அரைமணி நேரத்தில் நாங்கள் ஒரு கண் டாக்டரைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். அவர் நம் சங்கத்தவர் அல்லர், நம் மார்க்கத்தவரும் அல்லர். பாகான் செராய்க்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பல வீடுகளுக்கு அவர் ஆஸ்பத்திரியின் பெயர் தெரியும். நம்மில் பலருக்குப் பூர்வீகம் இராமநாதபுரத்துப் பக்கம். சிலருக்குக் கடையநல்லூர், தென்காசி. ஊருக்குப் போகிறவர்கள் மதுரையைத் தொடாமல் போவது குறைவு. சிதம்பரம் கப்பலில் போன காலத்திலும் சரி, பிறகு விமானத்தில் போன காலத்திலும் சரி, ஊருக்குப் போன நன்னாமார்களில் சிலர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரும்பி வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். "எங்கே ஆபரேஷன் செய்தீர்கள்?" என்று கேட்டால், "மதுரையில், அரவிந்தில்" என்பார்கள். அந்த அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமிதான் இன்றைய பேச்சு. மதுரையில் அவரை டாக்டர் வி என்று அழைத்தார்கள்.

அவர் பிறந்தது 1918 அக்டோபர் 1-ஆம் தேதி, எட்டயபுரத்துப் பக்கம் வடமலாபுரம் என்ற சிற்றூரில். எட்டயபுரம் என்றதும் மற்றவர்களுக்குப் பாரதியார் நினைவுக்கு வருவார். நமக்கு உமறுப் புலவரும் வருவார். புலவர் அவர்கள் அடங்கியிருக்கும் மண் அது. மானாவாரிக் கரிசல் பூமி, மழையை நம்பிய விவசாயம். டாக்டரின் குடும்பமும் விவசாயக் குடும்பம். பிள்ளைகள் ஐவரில் மூத்தவர் இவர். காலையில் எருமைகளை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டுப் பிறகு பள்ளிக்கூடம் போனவர். தாளும் பேனாவும் இல்லாத பள்ளிக்கூடம். ஆற்றங்கரை மணலைக் கொண்டுவந்து பரப்பி, அதில் விரலால் எழுதிப் படித்தார்கள். அந்த விரல்களைப் பற்றிப் பின்னால் சொல்லப் போகிறோம், அதனால் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுவனாக இருந்தபோது உறவில் சகோதரி முறையான பெண்கள் மூவர் பிள்ளைப்பேற்றை ஒட்டி அடுத்தடுத்து இறந்துபோனார்கள். கிராமத்தில் டாக்டர் இல்லை. தான் மகப்பேறு பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று அப்போதே நினைத்துவிட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் மருத்துவப் பட்டம் பெற்று, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். 1948 வரை அங்கே இருந்தார். வெளியே வந்ததும் மகப்பேறு மருத்துவம் படிக்கத் தொடங்கினார். நினைத்தது நடக்கப்போகிறது என்று இருந்த நேரத்தில்தான் சோதனை வந்தது.

முடக்குவாதம். முப்பது வயதில் கைகால் மூட்டுகள் எல்லாம் வீங்கி, படுத்த படுக்கையாகிவிட்டார். நெடுங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடந்தார். விரல்கள் கோணி மடங்கி இறுகிப்போயின. நோய் தணிந்து எழுந்தபோது நிற்பதே சிரமம். பிரசவ அறையில் மணிக்கணக்காக நின்று வேலை பார்க்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த ஆசையை விட்டுவிட்டுக் கண் மருத்துவத்துக்கு மாறினார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கண் அறுவை என்பது மருத்துவத்திலேயே மிக நுணுக்கமான கைவேலை. மயிரிழை பிசகினால் பார்வை போகும். விரல் முடங்கிய ஒருவர் அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் "இவனுக்கு என்ன வந்தது" என்றுதான் சொல்வார்கள். பேனாவைப் பிடிக்கவே புதிதாகப் பழக வேண்டியிருந்தது. அதன் பிறகு கத்தியைப் பிடிக்கப் பழகினார். சாதாரணக் கருவிகள் அவர் கைக்கு அடங்கவில்லை. தம் விரல்கள் மடங்கியிருக்கும் வாக்குக்கு ஏற்றபடி கருவிகளைத் தாமே வடிவமைத்துக்கொண்டார். 1951-இல் கண் மருத்துவப் படிப்பை முடித்தார். அந்தக் கைகளால் பின்னாளில் ஒரே நாளில் நூறு பேருக்குக்கூட அறுவை செய்திருக்கிறார். வாழ்நாளில் அவர் செய்தவை ஒரு இலட்சத்துக்கு மேல். அவருடைய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கைகுலுக்கக்கூட நேராக நீட்ட முடியாத விரல்கள்.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று நம் பழைய ஆட்கள் சொல்வார்களே, அந்த அரசு ஆஸ்பத்திரியில் கண் அறுவை மருத்துவரும் அவர்தான். அங்கே வந்துகொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் கண்புரை நோயாளிகள். கண்ணின் கறுப்பு விழிக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு வில்லை இருக்கிறது. வயது ஏற ஏற அது மங்கி வெளுத்துப்போவதுதான் புரை. மருந்து போட்டுக் கரைக்க முடியாது, எடுக்கத்தான் வேண்டும். இது புதிய சமாச்சாரமும் அல்ல. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மோசுல் நகரத்து அம்மார் என்ற மருத்துவர் எகிப்தில் இருந்துகொண்டு, உள்ளே துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார். கண் மருத்துவருக்கு அரபியில் கஹ்ஹால் என்று தனிப்பெயரே உண்டு. சுர்மா என்று நாம் கண்ணில் இடுகிறோமே, அதற்கு அரபியில் குஹ்ல். அந்தச் சொல்லிலிருந்துதான் கஹ்ஹால் வந்தது. (சுர்மா போட்டால் புரை கரையும் என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். கரையாது.)

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு மட்டும் வைத்தியம் செய்துகொண்டிருந்தால் போதாது என்று டாக்டருக்குப் பட்டது. கிராமத்தில் பார்வை போனவர்களுக்கு மதுரை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. 1960-களின் தொடக்கத்தில் கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தத் தொடங்கினார். பள்ளிக்கூடத்திலோ சத்திரத்திலோ முகாம் போட்டு, அங்கேயே அறுவையும் செய்வார்கள். அறுவை முடிந்தவர்களுக்குச் சோடாப்புட்டி போன்ற தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். நம் வீடுகளிலும் அப்படிக் கண்ணாடி போட்ட பெரியவர்கள் இருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றி வைத்தால் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது. ஆனாலும் அதுவே அன்றைக்குப் பெரிய நிஃமத். இந்தப் பணிக்காக இந்திய அரசு 1973-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

1976-இல் அவருக்கு 58 வயது. அரசாங்க வேலையில் ஓய்வு. அந்த வயதில் நம்மவர்கள் என்ன செய்வார்கள்? ஹஜ்ஜுக்குப் போய் வந்து, கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, பள்ளிவாசல் திண்ணையில் உட்காருவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்டர் மதுரையில் ஒரு வீட்டில் 11 கட்டில் போட்டு ஒரு கண் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். பணம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம், முடியாதவர்களுக்கு இலவசம் என்றார். ஸ்ரீ அரவிந்தரிடம் அவருக்கு ஈடுபாடு, அதனால் அந்தப் பெயர்.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம். டாக்டர் வி திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி தங்கைகளைப் படிக்கவைத்து ஆளாக்குவதிலேயே அவருடைய நாள் போய்விட்டது. கடைசிவரை உடன்பிறந்தார் குடும்பத்தோடுதான் வாழ்ந்தார். மனைவி மக்கள் இல்லாத ஒருவரைக் குடும்பஸ்தர் என்று சொல்லலாமா? நாங்கள் சொல்லலாம் என்றுதான் நினைக்கிறோம். நம் வீடுகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். கப்பலேறி வந்து, கடைக்கல்லாவுக்குப் பின்னால் படுத்து எழுந்து, மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பி, நான்கு தங்கைகளுக்கு நிக்காஹ் செய்து வைத்துவிட்டுத் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாத மூத்த காக்காமார்கள். அவர்கள் படம் எந்த மலரிலும் வராது.

டாக்டருக்கும் அந்தக் காக்காமார்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் குடும்பத்துக்குக் கொடுத்ததோடு நின்றார்கள். இவர் குடும்பத்திடமிருந்து திருப்பிக் கேட்டார். ஆஸ்பத்திரியைப் பெரிதாக்க நினைத்தபோது வங்கிகள் கைவிரித்தன. ஓய்வு பெற்ற முடக்குவாதக்காரர், நோயாளிகளில் பலருக்கு இலவசம் என்கிறார். எந்த வங்கிக்காரர் கடன் கொடுப்பார்? தம் வீட்டை அடமானம் வைத்தார். உடன்பிறந்தவர்களும் உதவிக்கு வந்தார்கள், வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. கட்டடத் தொழிலில் இருந்த தம்பி சீனிவாசன் கட்டட வேலையையும் கணக்கையும் எடுத்துக்கொண்டார். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் அரசாங்க மருத்துவ வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். நாச்சியாருக்கும் அண்ணனுக்கும் இருபது வயதுக்கு மேல் வித்தியாசம். அவருக்கு அண்ணன் அத்தா மாதிரி. அவர் கண் மருத்துவத்துக்கு வந்ததும் அண்ணன் வழியில்தான். பிறகு உறவினர் துளசிராஜையும் டாக்டர் கூப்பிட்டார். மேலாண்மை படித்த அவர், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வந்தார்.

இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி உலகமெங்கும் எழுதிவிட்டார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் இதைப் பாடமாகவே வைத்தது. எழுதுகிறவர்களுக்கு மெக்டோனால்ட்ஸ் கதையைச் சொல்வதில் தனி மகிழ்ச்சி. எங்கே போனாலும் ஒரே சுவை, ஒரே வேகம் என்று அந்தக் கடைகளைப் பார்த்து வியந்த டாக்டர், கண் அறுவையையும் அப்படிச் செய்யலாமே என்று நினைத்தார் என்பது கதை. உண்மைதான், அவரே சொன்னதுதான். ஆனால் அடகுக்குப் போன நகைகளைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் எழுதுகிறவர்கள் குறைவு. கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு விடிவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய் இரவில் திரும்பிய பெண்களைப் பற்றியும் அப்படித்தான். அந்த ஆரம்ப ஆண்டுகள் எளிதாக இல்லை என்று அக்குடும்பத்தினரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் அன்பானவர், ஆனால் கண்டிப்பானவர். தாம் தூங்காத நேரத்தில் மற்றவர்கள் தூங்குவது அவருக்குப் புரியாது. நாங்கள் அவரை மெச்சுகிறோம். அவருக்குத் தங்கையாகப் பிறந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் சொல்கிறோம். அறுவை அறையில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவரை மற்ற மேசையில் படுக்கவைத்து, கண்ணைச் சுத்தம் செய்து தயாராக வைத்துவிடுவார்கள். முதல் அறுவை முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குவார். மெக்டோனால்ட்ஸ் வரை போவானேன், நம் கடைகளில் காலை நேரத்தில் ரொட்டி சானாய்க் கல்லைப் பாருங்கள். ஒருவர் மாவை உருட்டி வைப்பார், ஒருவர் வீசுவார், ஒருவர் கல்லில் திருப்புவார். வீசுகிறவர் மாவு பிசையப் போனால் கடை நின்றுவிடும். அதே கணக்குத்தான்.

டாக்டரின் கையைத் தவிர மற்ற வேலைகளைச் செய்வது கிராமத்துப் பெண்கள். பள்ளிப்படிப்பு முடித்த பதினேழு பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்துத் தயார்ப்படுத்தினார்கள். அதை முன்னின்று கவனித்தவர் நாச்சியார். பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, அறுவைக்கு உதவுவது, முதியவர்களுக்குத் தைரியம் சொல்வது எல்லாம் இவர்கள்தான். வெளியூருக்கு வேலைக்கு அனுப்பத் தயங்கிய தாய்தகப்பன்மார் அங்கே நம்பி அனுப்பினார்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் தாய்மார்களுக்கு இதன் அருமை தெரியும்.

கட்டணம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வாசல், இலவசத்துக்கு ஒரு வாசல். எந்த வாசலில் நுழைவது என்பதை வருகிறவரே முடிவு செய்வார். "உனக்கு வருமானம் எவ்வளவு, அத்தாட்சி எங்கே" என்று யாரும் கேட்பதில்லை. ஸதக்கா கேட்டு வருகிறவரைக் கூட்டத்தில் நிறுத்திவைத்துப் படம் எடுக்கும் பழக்கம் பெருகிவிட்ட காலத்தில் இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. இலவசப் பிரிவில் தரையில் பாய்தான். கட்டணப் பிரிவில் அறையும் கட்டிலும். கண்ணுக்குச் செய்யும் வைத்தியம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்று, டாக்டர்களும் மாறி மாறி இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். கட்டணம் கொடுத்தவர்களின் பணத்திலேயே இலவசப் பிரிவும் நடந்தது, நன்கொடையை நம்பி அல்ல. 1981-இல் பெரிய கட்டடம் வந்தது. 1988-இல் திருநெல்வேலி, 1997-இல் கோயம்புத்தூர் என்று கிளைகள் விரிந்தன.

கண்புரையை எடுத்துவிட்டு உள்ளேயே செயற்கை வில்லை வைக்கும் முறை வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. வெளிநாட்டு வில்லையின் விலையை ஏழைகளால் எட்டிப்பார்க்க முடியாது. பணக்காரருக்கு வில்லை, ஏழைக்குப் பழையபடி சோடாப்புட்டிக் கண்ணாடி என்று ஆகிவிடும் போலிருந்தது. தாங்களே வில்லை செய்ய 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வல்லுநர்கள் பலர் இது நடக்காது என்றார்கள். நடந்தது. வில்லை விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

இவ்வளவும் பெரிய சாதனைதான். ஆனால் பாகான் செராயில் இருக்கும் நமக்கு இவற்றைவிட உதவுவது வேறொன்று. இலவச முகாம் நடத்திய காலத்தில் அவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். முகாமில் பார்த்து, "உங்களுக்குப் புரை இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், காசு வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் வரவேயில்லை. இலவசம் என்றால் கூட்டம் அலைமோதும் என்றுதானே நினைப்போம்? ஏன் வரவில்லை என்று வீடு தேடிப் போய்க் கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை. அங்கே தங்கிச் சாப்பிட வழியில்லை. கூட வர ஆளில்லை. மகன் வந்தால் அன்றைய கூலி போகும். கண்ணைத் தோண்டிவிடுவார்கள் என்ற பயம். "வயசாகிவிட்டது, இனிப் பார்த்து என்ன செய்யப்போகிறேன்" என்ற சலிப்பு. வைத்தியத்துக்குக் காசு வேண்டாம் என்பது இதில் ஒன்றுக்குக்கூடப் பதிலாகாது.

அதற்குப் பிறகு முறையை மாற்றினார்கள். முகாமில் பார்த்த அன்றைக்கே, அறுவை தேவைப்படுகிறவர்களை ஒன்றாகப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சாப்பாடு, பாய், அறுவை, மருந்து எல்லாம் ஆஸ்பத்திரி பொறுப்பு. முடிந்ததும் அதே பஸ்ஸில் ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். ஒரே ஊர்க்காரர்கள் இருபது பேர் சேர்ந்து போவதால் பயமும் பாதி குறைந்துவிடும். போய்வந்த பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, "ஒன்றும் வலிக்கவில்லை, பேரப்பிள்ளை முகம் தெரிகிறது" என்று சொன்னால், அடுத்த முகாமுக்கு அந்தத் தெருவே வரும். அந்த ஒரு பாட்டியின் வார்த்தைக்கு நூறு நோட்டீசு ஈடாகாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் நமக்கு அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, செலவும் சொற்பம். தைப்பிங்கில் கண் பிரிவு இருக்கிறது; பாகான் செராயிலிருந்து கார் இருந்தால் அதிக நேரம் ஆகாது. அப்படியிருந்தும் இந்த நாட்டில் ஐம்பது வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் காரணம் கண்புரை என்று 2014-இல் நாடு முழுவதும் எடுத்த கண் ஆய்வு சொல்கிறது. எடுத்தால் தீர்ந்துவிடும் புரை. வடமலாபுரத்துப் பக்கத்தில் அன்று இருந்த காரணங்கள், கொஞ்சம் உடை மாற்றிக்கொண்டு, இங்கேயும் இருக்கின்றன. பிள்ளைகள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலையில். "அவனுக்கு லீவு கிடைக்காது, அவனைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்பார் அத்தா. பார்வை குறைந்ததை வெளியில் சொல்லவே மாட்டார். வாசலில் யார் வருகிறார்கள் என்று குரலை வைத்துக் கண்டுகொள்வார். குர்ஆன் ஓதும்போது மனப்பாடமான சூராக்களாக ஓதுவார். தொலைக்காட்சிக்கு முன்னால் நாற்காலி ஒவ்வொரு மாதமும் ஓர் அடி நகரும். நம் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். நன்னி அரிசியில் கல் பொறுக்குவதை எப்போது நிறுத்தினார் என்று மருமகளுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, இந்த நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். நம்மில் சிலருக்கு அடையாள அட்டையில் இந்தியர் என்று இருக்கிறது, சிலருக்கு மலாய்க்காரர் என்று இருக்கிறது. நோய் அட்டையைப் பார்த்து வருவதில்லை. நாம் சாப்பிடும் நெய்ச்சோற்றையும் தே தாரேக்கையும் பார்த்துத்தான் வருகிறது. இனிப்புநீர் கண்ணின் பின்திரையில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது வலி தெரியாது, ஆரம்பத்தில் பார்வையும் நன்றாகவே இருக்கும். தெரியவரும்போது நேரம் கடந்திருக்கும். புரை போனால் வில்லை வைக்கலாம், திரை கெட்டால் மாற்ற முடியாது. அதனால் இனிப்புநீர் உள்ளவர்கள், கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்பகுதியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் மருந்து வாங்கப் போகும்போது கேட்டாலே போதும்.

கிரியான் வட்டாரத்தில் இருப்பதால் மூன்றாவதாகவும் ஒன்று சொல்லிவிடுகிறோம். இங்கே சுற்றிலும் வயல். நெல் தாளோ உமியோ கண்ணில் கீறிவிட்டால், விழியின் மேல் புண் உண்டாகிப் பூஞ்சை பிடிக்கும். மதுரையைச் சுற்றிய விவசாயிகளுக்கு இது அதிகம். அதனால் அரவிந்த் டாக்டர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். கண்ணில் கீறல் பட்டால் தாய்ப்பால் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது, கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தை வாங்கி ஊற்றுவது எதுவும் கூடாது. சில சொட்டு மருந்துகள் பூஞ்சையை இன்னும் வளர்த்துவிடும். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் என்ற கண்ணில்லாத ஸஹாபியை நம் பிள்ளைகள் மதரஸாவில் படித்திருப்பார்கள். அவரை முன்னிட்டு ஒரு சூராவின் ஆரம்பமே இறங்கியது. அவர் மதீனத்துப் பள்ளியில் பாங்கு சொன்னார். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் வெளியூர் சென்ற சில வேளைகளில் மதீனாவின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. பார்வை இல்லை என்று யாரும் அவரை மூலையில் உட்காரவைக்கவில்லை. நம் வீடுகளிலோ, திரும்பக் கிடைக்கக்கூடிய பார்வையோடு சிலர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-ஆம் தேதி தமது 87-ஆம் வயதில் காலமானார். முதுமையிலும், முடிந்தவரை, ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 11 கட்டிலில் தொடங்கிய இடத்தில் இன்று ஆண்டுக்கு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் நடக்கின்றன. அந்த வீட்டின் மூன்றாம் தலைமுறையும் கண் மருத்துவம் படித்து அங்கே வேலை செய்கிறது. யாரும் வற்புறுத்தவில்லை என்கிறார்கள், பாதியை நம்பலாம்.

சங்கத்துக்கு ஆஸ்பத்திரி கட்டும் சக்தி இல்லை, தேவையும் இல்லை. ஆஸ்பத்திரி தைப்பிங்கில் இருக்கிறது. நம்மிடம் இல்லாதது பஸ். செயலவையினரிடம் பேசி ஒன்றைக் கேட்டிருக்கிறோம்: மாதத்தில் ஒரு நாள் ஒரு வேன். ஒரு முறைக்கு எட்டுப் பத்துப் பெரியவர்கள், கூடவே இளைஞர் பிரிவிலிருந்து இரண்டு பிள்ளைகள், பெண்களுக்குத் துணையாக மகளிர் பிரிவிலிருந்து ஒருவர். நம்பர் எடுப்பதிலிருந்து மருந்து வாங்குவது வரை அந்தப் பிள்ளைகள் கூடவே நிற்க வேண்டும். பசியாற வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாம். கிளினிக்கிலிருந்து மேல்சிகிச்சைக் கடிதம் வாங்கித் தருவதில் உதவ நம் உறுப்பினர்களில் தாதியாக இருக்கும் சகோதரிகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேனுக்கு எண்ணெய்ச் செலவு யாருடையது என்று யாரும் கேட்க வேண்டாம், அது நடக்கும்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் வீட்டுப் பெரியவர் பெயரையும், தெருவையும், இனிப்புநீர் உண்டா இல்லையா என்பதையும் எழுதினால் போதும். பெரியவர்களைக் கேட்டுவிட்டு எழுதுவதாக இருந்தால் அவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மருமகள்களும் பேத்திகளும் எழுதட்டும். சாப்பாடு தயாராகிவிட்டது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சாப்பிடப் போவதற்கு முன் அந்த மேசைப் பக்கம் போய்விட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.